பெரிய செடான் காருக்கு குளிர்கால டயர்: 19 அங்குலத்திலேயே இருக்கலாமா, 18-க்கு இறங்கலாமா?

பின்சக்கரம்:

வணக்கம் நண்பர்களே. டயர் விஷயத்தில் ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வண்டி, பின்சக்கர இயக்கம் உள்ள பெரிய சொகுசு செடான். முன்னால் 245/45 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. நான்கும் கோடைக்கால டயர்கள். பின் டயர் இரண்டிலும் பட்டன் (தரையில் படும் மேல்பகுதியின் வெட்டு ஆழம்) 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இங்கே குளிர்காலம் நான்கு மாதம் நீளும். காலையில் மைனஸ் 5, மைனஸ் 10 இருக்கும், மதியம் பூஜ்யத்தை ஒட்டி ஏறும். பெரிய சாலைகளில் பனியை ஒதுக்கி உப்புப் போட்டுவிடுகிறார்கள். நான் குடியிருக்கும் தெரு அப்படியே கிடக்கும்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை. தெருமுனையில் லேசான இறக்கம், 20 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடித்தது, வண்டி மட்டும் நிற்காமல் முச்சந்தியின் நடுவரை வழுக்கிக்கொண்டு போனது. பின்சீட்டில் மகள். அந்த நேரத்தில் குறுக்கே எந்த வண்டியும் வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து காலையில் சாவியை எடுக்கவே மனம் தயங்குகிறது.

ஒரு கடையில், "ஆல்-சீசன் போடுங்கள், எம்+எஸ் என்று போட்டிருக்கிறது, பனிக்கு அதுவே போதும்" என்றார்கள். போதுமா? எந்த பிராண்ட் நல்லது? ரிம் அளவில் 18 அங்குலத்துக்கு இறங்கினால் வண்டியின் சொகுசு போய்விடுமா? பின்னால் தேய்ந்த இரண்டை மட்டும் குளிர்கால டயராக மாற்றினால் சமாளிக்கலாமா?

ஸ்பானர்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். பின்னால் பிடிப்பு இருந்தால் வண்டி நன்றாகக் கிளம்பும், அதை நம்பி வேகம் எடுப்பீர்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, திருப்புவதும் முன்சக்கரம்தான். அங்கே கோடை டயர் இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். முன்னால் மட்டும் மாற்றினால் அதைவிட மோசம், வளைவில் பின்பக்கம் வீசிவிடும். போட்டால் நான்கும் ஒரே வகை, ஒரே மாடல்.

எம்+எஸ் என்பது 'சேறும் பனியும்' என்பதன் சுருக்கம். பட்டனின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, அதற்குப் பனியில் சோதனை எதுவும் கிடையாது. நீங்கள் தேட வேண்டியது மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள முத்திரை. அது இருந்தால் அந்த டயரைப் பனியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சோதனையும் இறுகிய பனியில் நடப்பதுதான், கண்ணாடி மாதிரி உறைந்த தரையில் அல்ல. உங்கள் முச்சந்தியில் இருந்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

குளிரான ஒரு காலையில் வண்டி கிளம்பும் முன் உங்கள் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனதுமே கோடை ரப்பர் விறைக்க ஆரம்பிக்கிறது. குளிர்கால டயரில் நகம் அழுந்தும். அதன் பட்டன் கட்டிகளை விரலால் கொஞ்சம் வளைத்தால், மயிரிழை போன்ற கீறல்கள் வரிசையாக வாய் திறக்கும். தரையில் பதியும்போது அந்த விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன.

மழைச்சாலை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அந்த மலை முத்திரை உள்ள ஆல்-வெதர் டயர்கள், அதாவது வருடம் முழுக்க ஓட்டுபவை, இப்போது நன்றாகவே வருகின்றன. மூன்று குளிர்காலம் ஓட்டிவிட்டேன், வருடத்துக்கு இருமுறை மாற்றுகிற வேலையும் இல்லை.

வடதிசை:

மழைச்சாலை சொல்வது பெரும்பாலும் ஈரம், எப்போதாவது பனி என்கிற இடத்துக்குச் சரி. கேட்டவரின் குளிர் அப்படியில்லை. மதியம் உருகி இரவில் மறுபடி உறைகிறது, அதுதான் ஆபத்தான வகை. மைனஸ் 20-ல் பனிக்கட்டி ஓரளவு சொரசொரப்பாகவே இருக்கும். பூஜ்யத்தை ஒட்டி வரும்போது அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது, டயர் அந்த நீரின் மேல்தான் மிதக்கிறது. ஸ்பானர் சொன்ன கீறல்கள் அந்த நீரை உறிஞ்சி ஒதுக்குவதற்கும்தான்.

குளிர்கால டயரிலேயே இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று ஆல்பைன் வகை: ஈரமான, உப்புப் போட்ட, வேகமான சாலைகளுக்கு. டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் வேகக் குறியீடு பெரும்பாலும் எச் (மணிக்கு 210 கி.மீ.) அல்லது வி (240 கி.மீ.). இன்னொன்று நார்டிக் வகை: ரப்பர் இன்னும் மென்மை, கீறல்கள் அதிகம், வேகக் குறியீடு பெரும்பாலும் டி (190) அல்லது ஆர் (170). மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர்5, கான்டினென்டல் வைக்கிங்கான்டாக்ட் 7 எல்லாம் இந்த இரண்டாவது குடும்பம். ஆணி பதித்ததும் உண்டு, ஆனால் இரைச்சல், சில இடங்களில் தடையும் இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

தினமும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர் என்றால் ஆல்பைன் சொல்லியிருப்பேன். உங்களுக்குப் பயமே அந்தத் தெருமுனைதான், அதனால் நார்டிக். காய்ந்த சாலையில் ஸ்டீயரிங் கொஞ்சம் கொழகொழவென்று தோன்றும். ஈரத்தில் பிரேக் தூரமும் ஆல்பைனைவிடக் கூடும், இடைவெளி விட்டு ஓட்டுங்கள். குடும்பத்தை முடிவுசெய்த பிறகு அதற்குள் எந்த பிராண்ட் என்பது பெரிய விஷயமில்லை, உங்கள் அளவில் எது புதிதாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஸ்பானர்:

அளவு விஷயத்துக்கு வருகிறேன், பலரும் தடுமாறுகிற இடம் இது. தம்பியின் முன் டயர் 245/45 ஆர்19. அகலம் 245 மி.மீ., அதில் 45 சதவீதம் என்றால் பக்கச்சுவர் 110.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 220.5, 19 அங்குல ரிம் 482.6, மொத்த விட்டம் 703 மி.மீ. பின் டயரைக் கணக்குப் போட்டால் 702.6. இப்போது 245/50 ஆர்18 பாருங்கள்: பக்கச்சுவர் மேலும் கீழும் சேர்த்து 245, அதோடு 18 அங்குல ரிம்மின் 457.2-ஐக் கூட்டினால் 702.2. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டரும், வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈ.எஸ்.பி.யும் குழம்பாது.

நான்குக்கும் இதே அளவு போடலாமா என்று பாருங்கள். பின்னால் 275 அகலம் பனியைப் பிளக்காமல் மேலே ஏறப் பார்க்கும், 245 கீழே இறங்கிப் பிடிக்கும். நான்கும் ஒரே அளவாக இருந்தால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய வைக்கலாம், இப்போதைய அமைப்பில் அதற்கு வழியே இல்லை. சொகுசு குறையுமா என்று கேட்டீர்கள். பக்கச்சுவர் உயர்வதால் குழியில் விழுந்தால் அதிர்வு குறையத்தான் செய்யும். பனி மூடிய குழியில் ரிம் நெளிவதும் குறையும்.

ஆனால் கணக்கு சரியாக வந்ததால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் 18 அங்குலம் அனுமதியா என்று பாருங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்வும் பாகம்) பெரியது, சில ரிம் உள்ளே இடிக்கும். ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் சுமைக் குறியீட்டையும் விடாதீர்கள். 100 என்றால் டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900. கனமான வண்டி, கையேடு சொல்வதற்குக் கீழே இறங்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் டயர் ரன்-பிளாட்டா, அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற வகையா? அப்படியென்றால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்காது. சாதா குளிர்கால டயருக்கு மாறினால் காற்றடிக்கும் சின்ன பம்பும் பஞ்சர் அடைக்கும் திரவமும் வண்டியிலேயே இருக்கட்டும்.

பின்சக்கரம்:

அண்ணா, வடதிசை, மழைச்சாலை, மூவருக்கும் நன்றி. கையேட்டைத் தேடி எடுத்தேன். 245/50 ஆர்18 நான்குக்கும் அனுமதி, குளிர்காலத்துக்கென்றே தனி வரியில் போட்டிருக்கிறார்கள். டயர் ரன்-பிளாட் இல்லை, ஆனாலும் ஸ்டெப்னியும் இல்லை. பம்ப் வாங்கிவிடுகிறேன். தனி ரிம் செட் அவசியமா? இருக்கிற ரிம்மிலேயே வருடம் இருமுறை கழற்றி மாட்டினால் ஆகாதா?

ஸ்பானர்:

18 அங்குல டயர் 19 அங்குல ரிம்மில் ஏறாது தம்பி, அதனால் தனி ரிம் வேண்டியதுதான். அது நல்லதும்கூட. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் டயரின் விளிம்புக்கு அடி, உப்பு உங்கள் நல்ல அலாயையும் தின்றுவிடும். புது ரிம்மில் காற்றழுத்த சென்சாரும் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான்கு மாதமும் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம் தயாரானது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் காற்று: கதகதப்பான கொட்டகைக்குள் 20 டிகிரியில் அடித்துவிட்டு மைனஸ் 10-ல் வெளியே எடுத்தால் 5 பி.எஸ்.ஐ. வரை இறங்கிவிடும். வெளியே நின்று குளிர்ந்த பிறகு அளந்து சரிசெய்யுங்கள்.

வடதிசை:

பட்டன் 4 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். சட்டம் 1.6 வரை விடுகிற இடங்கள் உண்டு, பனியில் அதை நம்ப முடியாது. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல்தோல் தேய்ந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

பின்சக்கரம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நார்டிக் வகை, 245/50 ஆர்18, சுமைக் குறியீடு 104, நான்கும் மாட்டியாயிற்று. நேற்றிரவு உருகி உறைந்திருந்தது. விடியற்காலை, தெரு காலியாக இருந்தபோது, அதே இறக்கத்தில் அதே 20-ல் இறங்கி வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினேன். பெடல் ஒரு முறை துடித்தது. வண்டி கோட்டுக்கு ஒரு கார் நீளம் முன்னாலேயே நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் மென்மையாகிவிட்டது உண்மைதான், வடதிசை சொன்ன மாதிரியே. இரைச்சல் நான் பயந்த அளவுக்கு இல்லை. மாட்டியவர் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வரச் சொன்னார். 92 ஓடியிருக்கிறது, நாளைக் காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அங்கேதான் போகிறேன்.