நாலாவது மாதம் தூக்கம் கெட்டால்

வெளிநாடு வந்த புதிதில் வங்கிக் கணக்கு, வாடகை வீடு, சிம் கார்டு என்று எல்லாவற்றுக்கும் ஆலோசனை கேட்போம். மனசைப் பற்றி மட்டும் கேட்க மாட்டோம். கேட்கத் தோன்றுவதற்குள் நாலைந்து மாதம் ஓடியிருக்கும். என் அனுபவத்தில் உஷாராக இருக்க வேண்டியது முதல் மாதம் இல்லை, அந்த நாலாவது மாதம்தான். முதலில் இருக்கிற ஓட்டத்தில் எதுவும் உறைக்காது. ஓடி முடித்து உட்காரும்போதுதான் கால் வலிக்கும்.

எனக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். வேலை முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்வேன். மணி பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கும். வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தால், பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்து, "நல்லா இருக்கேம்மா" என்பேன். கேமராவுக்குத் தெரியாத பக்கம் பிரிக்காத பெட்டியும் மடிக்காத துணியும் கிடக்கும். ராத்திரி மூன்று மணிக்கு டாண் என்று முழிப்பு வந்துவிடும். ஜெட் லேக் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமாராக ஒரு நாள் என்பது அதன் கணக்கு. பத்து மணி நேர வித்தியாசமானாலும் இரண்டு வாரத்தில் உடம்பு பழகியிருக்க வேண்டும். நாலு மாதம் கழித்தும் அதையே சொல்வது சாக்கு.

அப்புறம் டாக்டரிடம் போனேன். நாம் மன வேதனையை உடம்பின் மொழியில்தானே சொல்வோம்? "நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு" என்பதை அப்படியே அவர்கள் மொழியில் எடுத்து வைத்தேன். உடனே ஈசிஜி எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நெஞ்சு என்று சொன்னால் முதலில் இதயத்தைப் பார்ப்பதுதான் முறை. (உங்களுக்கு உண்மையாகவே நெஞ்சு வலி என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.) உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும்போதுதான், நான் சொல்ல வந்தது வேறு என்பது புரிந்தது. ரிப்போர்ட் நார்மல், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வந்துவிட்டேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே.

அடுத்த முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எத்தனை வாரமாக இப்படி, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு முழிப்பு, பசி எப்படி, முன்பு ஆசையாகச் செய்த எது நின்றுபோனது, இவ்வளவுதான். "மனசு சரியில்லை" என்பதை எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொள்ளவே தேவைப்படவில்லை. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கப் பல நாடுகளில் டாக்டர்கள் பயன்படுத்தும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னும் கவனமாக விசாரிப்பார்கள். ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதில் மட்டும் கௌரவம் பார்க்காதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவையும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும். அதனால் ரத்தப் பரிசோதனை எழுதினால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

மொழி இடறினால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் அரசு மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. கணவரையோ மனைவியையோ, அதைவிட மோசமாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையோ நடுவில் உட்கார வைக்காதீர்கள். பிள்ளை முன்னால் எந்த அம்மா உண்மையைச் சொல்வாள்?

ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா என்ற பயம் எல்லாருக்கும் வரும். நீங்கள் சொன்னதை டாக்டர் உங்கள் மேனேஜரிடம் போய்ச் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து, சட்டக் கட்டாயம் போன்ற சில சமயங்களில் மட்டும் தேவையானவர்களிடம் பேசுவார். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர்களுக்கு இலவச கவுன்சலிங் உண்டு, அதை வெளியாட்கள்தான் நடத்துவார்கள். சேர்ந்த அன்று கொடுத்த காகிதங்களுக்குள் எங்காவது இருக்கும், தேடுங்கள். மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும்.

துணையோடு வந்து வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழி எதுவும் கண்ணில் படாது. அவர்கள் பெயரையும் குடும்ப டாக்டரிடம் முதல் மாதமே பதிந்துவிடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த தூக்க மாத்திரையை நாமே போட்டுக்கொள்வதும் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. வேண்டாம், சில வகை பழகிப்போனால் விடுவது பெரும்பாடு. குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். எனக்கு உதவியது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்தேன், எழுந்ததும் வெளிச்சத்தில் நடந்தேன். சுமார் இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போவேன். நேர வித்தியாசத்தால் நடுராத்திரியில் வந்துகொண்டிருந்த போன் கால்களை வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலத்துக்கு மாற்றினேன். ஊரில் ஏதாவது கலவரம், வெள்ளம் என்றால் விடிய விடிய போனைத் தள்ளிக்கொண்டிருப்பேன். அதையும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று குறைத்தேன். இதைச் செய்து முடிக்கத்தான் அதிக நாள் ஆனது.

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்: அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14, நியூசிலாந்தில் 1737, சிங்கப்பூரில் 1767. எல்லாம் ராத்திரியிலும் எடுப்பார்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்த நாட்டு எண்ணைத் தேடி இன்றே போனில் சேமித்து வையுங்கள். மூன்று மணிக்குத் தேடத் தெம்பு இருக்காது.

அம்மாவிடம் சொன்னது கடைசியில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர்ப் பக்கம் போகாமல், இருந்த இடத்திலிருந்தே கேமராவைப் போட்டேன். "கொஞ்ச நாளா முடியலம்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கலையா நீ?" என்றார். போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரிக்க ஆரம்பித்தேன்.