கடலூரில் புல்தரை மொட்டையாகிவிட்டது: இப்போதே நடலாமா?

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. முன்னால் 400 சதுர அடிக்கு கொரியன் புல், 2 வருடத்துக்கு முன் பதித்தது. அக்னி நட்சத்திரத்தில் கருகியது. ஆகஸ்ட் கடைசி ஆகியும் மூன்று இடங்கள் மொட்டையாகவே கிடக்கின்றன. பெரியது ஒரு பாய் அகலம். அம்மா சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரும் இடம் அது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஜூலையில் மண்ணைக் கொத்தி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து அருகம்புல் விதை தூவினேன். பாதியை எறும்பு கொண்டுபோனது. மீதி பத்து நாளில் முளைத்து, அடுத்த வாரமே மஞ்சளாகிக் காய்ந்தது. அப்புறம் ஒரு கைப்பிடி யூரியா போட்டேன், ஓரத்தில் நன்றாக இருந்த புல்லும் கருகியது. தோண்டிப் பார்த்தேன், புழு இல்லை. மதியம் 3 மணி வரை நல்ல வெயில்.

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். மணல் மண், போர் தண்ணீர் கரிக்கிறது, ஊற்றிய இடத்தில் வெள்ளையாகப் படிகிறது. இரண்டு நாள் மழை பெய்தால் ஓரப் புல் தெளிகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது. இப்போதே அருகம்புல் தண்டு நட்டு வேர் பிடிக்க விடலாமா, இல்லை மழை உப்பைக் கழுவிய பிறகு ஜனவரியில் நடுவதா?