தத்தெடுத்த பொண்ணுக்கு தெரபி, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாம் எங்க எடுக்கறது? (ஆற்காடு)

ஆற்காட்டு அம்மா:
எங்க பாப்பாவ தத்தெடுத்து எட்டு மாசம் ஆச்சுங்க, ரெண்டரை வயசு, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராது). வலது கை மூடியே இருக்கும், போன வாரம் இட்லிய அந்தக் கையாலயே பிச்சு என் வாயில வெச்சா, அழுதுட்டேன். தெரபிக்கு எங்க போறது, அட்டைக்கு வேலூரா ராணிப்பேட்டையா? ஒரு ஆபீஸ்ல "பெத்தவங்க யாரு"ன்னு அவ முன்னாடியே கேட்டாங்க, மனசு ஆறல.

காட்பாடி:
அக்கா, அப்படி கேக்க அவங்களுக்கு உரிமையே இல்ல, தத்து ஆர்டர் வந்துட்டா சட்டப்படி நீங்கதான் பெத்தவங்க. 2019ல வேலூர் மாவட்டம் பிரிஞ்சதால உங்களுக்கு ராணிப்பேட்டை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான். முதல்ல ரேஷன் கார்டுல பேர சேருங்க, முதலமைச்சர் காப்பீட்டுக்கு அது வேணும், அப்புறம் யூடிஐடி, அதான் நீங்க கேக்கற மாற்றுத்திறனாளி அட்டை.

குடியாத்தம் அப்பா:
யூடிஐடி வந்ததும் மத்திய அரசோட நிராமயா மருத்துவக் காப்பீடு போட்டுருங்கமா, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல வரும், செரிப்ரல் பால்சி, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு எல்லாத்துக்கும் உண்டு. பல பேருக்கு இது தெரியறதே இல்ல. என் பையனுக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில பாத்தோம், வீட்ல எப்படி பயிற்சி குடுக்கணும்னு நமக்கே சொல்லித் தந்தாங்க, டம்ளர்ல கடலைய ஒண்ணொண்ணா போட வெப்போம், தினம் அரை மணி. தெரபிய மட்டும் தள்ளிப் போடாதீங்க, அட்டை வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

ஆற்காட்டு அம்மா:
ரொம்ப நன்றிங்க. திங்கக்கிழமை ஆர்டர் காப்பியோட ராணிப்பேட்டை போறேன். கடலை இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு, மூணு போட்டா, நாலாவத தின்னுட்டா.