புதுப்பிப்பு: மஹிந்திரா வெரிட்டோ டீசல் காரின் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் வேலை முடிந்தது

போன மாதம் என் காரில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, பெல்ட் கவருக்குக் கீழே காய்ந்த கறை தெரிகிறது, வீட்டிலேயே பிரிக்கலாமா என்று கேட்டிருந்தேன். பாளையங்கோட்டை வெயிலில் இரண்டு ஞாயிறு போயிற்று, ஆனால் முடித்துவிட்டேன்.

கசிவு, கூலண்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பில்தான். கழற்றி ஆட்டினால் அதன் தண்டு லொடலொடவென்று ஆடியது. இந்த 1.5 லிட்டர் இன்ஜினில் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த பெல்ட்), அதனால் பம்போடு பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றினேன்.

புது பெல்ட்டை மாட்டியதும் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, ஒரு ஸ்டார்ட் போட்டுப் பாப்பமா?" என்றான். நல்லவேளை, அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பேனரை வைத்து கிராங்க்கை (பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டு) கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால் கேம் பின், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு சரியான நிலையில் நின்றால் மட்டுமே நுழையும் பின், உள்ளே போகவில்லை. பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன்! இந்தத் தள்ளல் இன்னும் கூடினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் செலவு பெல்ட்டோடு நிற்காது. மறுபடி கழற்றி மாட்டினேன்.

தாமிரபரணித் தண்ணீர் எனக்குத்தான், ரேடியேட்டருக்கு கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும். கூலண்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு பாபநாசம் வரை போய்வந்தாயிற்று. டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகரவில்லை, கூலண்ட்டும் போட்ட அளவிலேயே நிற்கிறது.