540 பவுண்டைச் சுமப்பது எஸ்யூவியா, டிரெய்லரா?

மலைப்பாதை:
தங்கும் வசதியுள்ள 4500 பவுண்டு டிரெய்லரை எஸ்யூவியில் மாட்டிக்கொண்டு, ஆறு பேரோடு கலிபோர்னியா மலையிலுள்ள தஹோ ஏரிக்குப் போகலாமா என்று கேட்ட நண்பருக்கு நீலவண்டி என்பவர் நேற்று கொடுத்த பதிலைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "5000 பவுண்டு இழுக்கும் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருக்கும்போது 4500 பவுண்டு டிரெய்லருக்கு எதற்குக் கணக்கு? ஆறு பேரும் ஏறிக்கொண்டு தாராளமாகப் போகலாம்" என்று எழுதியிருக்கிறார். இதை நம்பி ஒரு குடும்பம் வழியிலுள்ள டானர் கணவாய் ஏறி இறங்கினால் யார் பொறுப்பு?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். தன் வண்டியில் 1400 என்று நண்பரே எழுதியிருந்தார். பெரியவர்கள் நால்வர், தலைக்கு 160 என்றால் 640. பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 160. பெட்டிகள், ஐஸ் பெட்டி, அடுப்பு எல்லாம் 150. மொத்தம் 950. டிரெய்லரின் முன்பக்கம் கொக்கியை அழுத்தும் எடை அதன் மொத்த எடையில் 12 சதவீதம் என்று வைத்தால் 540. கூட்டினால் 1490. தொண்ணூறு பவுண்டு அதிகம். அந்த 540 பவுண்டையும் சுமப்பது எஸ்யூவிதான்.

நீலவண்டி:
டிரெய்லருக்குச் சொந்தமாகச் சக்கரங்கள் இருக்கின்றன. அதன் எடையை அவை சுமக்கின்றன. 5000 என்பது இழுப்பதற்கான அனுமதி, 1400 என்பது ஏற்றுவதற்கான அனுமதி. இரண்டையும் போட்டுக் குழப்பி ஊரைப் பயமுறுத்துவதே உங்களுக்கு வேலையாகிவிட்டது. சென்ற குளிர்காலத்தில், டயரில் மாட்டும் பனிச்சங்கிலி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள்.

அது போகட்டும். கையேடுகள் 10 முதல் 15 சதவீதம் என்கின்றன. 10 என்று எடுத்தால் 450. உங்கள் 950உடன் கூட்டினால் சரியாக 1400. 12 சதவீதம் எங்கிருந்து வந்தது?

மலைப்பாதை:
முதல் பத்தியில் கொக்கி எடை வண்டிக் கணக்கில் வராது என்கிறீர்கள். இரண்டாம் பத்தியில் 450 என்று நீங்களே வண்டிக் கணக்கில் சேர்க்கிறீர்கள். எதை நம்புகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

12 எங்கிருந்து வந்தது என்றால், டிரெய்லரின் முன்மூக்கில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இரண்டு எரிவாயு உருளைகள், நிரப்பினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 37 பவுண்டு. பக்கத்திலேயே பேட்டரி. இவை முழுக்கக் கொக்கிக்கு அருகில்தான் இருக்கின்றன. விற்பனைத் தாளில் போடும் எடை, தண்ணீரும் சாமானும் இல்லாத வெற்று எடை. முப்பது கேலன் தண்ணீர் மட்டும் 250 பவுண்டு வரும். ஏற்றியபின் 10 சதவீதத்தில் நிற்கும் பயண டிரெய்லரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கொங்குமண்:
இருவரும் மாட்டு வண்டி ஓட்டியதில்லை போலிருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் இது தெரியும். நெல் மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம், மாட்டின் கழுத்தில் நுகம் அழுத்தும். பின்னால் தள்ளினால் பின்பாரம், நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். வண்டிச் சக்கரம் இரண்டும் தரையில்தான் இருக்கும், ஆனாலும் முன்பாரத்தைச் சுமப்பது மாடுதான். இங்கே மாடு என்பது எஸ்யூவி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நீலவண்டி:
மாட்டுக்குக் கதவில் சீட்டு ஒட்டவில்லை. நண்பருடையது 2023க்குப் பிந்தைய வண்டி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் 2.4 லிட்டர் டர்போ என்ஜின். பழைய 3.5 லிட்டர் ஆறு சிலிண்டரைவிட முறுக்குவிசை அதிகம், 263 பவுண்டு-அடி இருந்த இடத்தில் 310. மலையில் டர்போ திணறாது.

பழைய_பொறியாளர்:
இரு தரப்பிலும் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். 5000 என்ற எண் எப்படி வருகிறது? அமெரிக்காவில் ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை இருக்கிறது. 2011 மாடல்களுக்கு அதை முதலில் ஏற்றது டொயோட்டா, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அதற்குமுன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுக்கொண்டது. சோதனைக்கான மலைப்பாதை அரிசோனாவில் இருக்கிறது. கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணையருகே தொடங்கி மாநில நெடுஞ்சாலை 68 வழியாக யூனியன் கணவாய்க்கு ஏற வேண்டும். 11 மைலுக்கு மேல் இடைவிடாத ஏற்றம், சுமார் 3000 அடி உயரம். வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, ஏசி முழுவேகத்தில் ஓட வேண்டும். இந்த வகை வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது.

சோதனையின்போது வண்டிக்குள் இருப்பது இரண்டு பேர், தலைக்கு 150 பவுண்டு. ஆறு பேர் இல்லை. மூன்றாவது ஆள் ஏறும்போதே அச்சிட்ட எண் குறையத் தொடங்கிவிடுகிறது.

மலைப்பாதை:
நன்றி ஐயா. இரண்டு பேர்! நீலவண்டி இதைப் பத்துமுறை படிக்க வேண்டும். 5000 என்பது இரண்டு பேருக்கான எண். ஆறு பேருக்கான எண் கதவுச் சீட்டில் இருக்கிறது. அங்கே 540ஐ எழுதித்தான் ஆக வேண்டும்.

டர்போ பற்றிச் சொன்னதற்கும் பதில் சொல்கிறேன். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் வலுவை இழக்கும், டானர் உச்சி 7200 அடி, எனவே ஏறுவதில் டர்போவுக்கு நன்மை உண்டு. ஆனால் நான் ஏறுவதைப் பற்றிப் பேசவே இல்லை. பின் அச்சு, டயர், ஸ்பிரிங், பிரேக், இவற்றின்மேல் உட்காரும் எடையைப் பற்றிப் பேசுகிறேன். முறுக்குவிசை டயரைத் தடிமனாக்காது.

நீலவண்டி:
எடையைப் பரப்பும் கொக்கி என்று ஒன்று கிடைக்கிறது. இருபுறமும் கம்பி வைத்து, பின் அச்சின் பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். அதை மாட்டினால் உங்கள் 540 கரைந்துபோகும். இது தெரியாமலா இத்தனை பக்கம் எழுதுகிறீர்கள்?

மலைப்பாதை:
தெரியும். ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அது ஒரு பங்கை டிரெய்லர் அச்சுக்குத் திருப்பும், பெரும்பங்கு எஸ்யூவியின் நான்கு சக்கரங்களிலேயே இருக்கும். கதவுச் சீட்டின் எண்ணை அது உயர்த்துவதில்லை. தவிர அந்தக் கொக்கியே எண்பது தொண்ணூறு பவுண்டு கனக்கும், அதையும் அந்த 1400இல்தான் எழுத வேண்டும். சில மாடல்களில் அதைப் பொருத்தக் கூடாது என்றே கையேட்டில் இருக்கிறது. நண்பரின் கையேட்டைப் பார்த்தீர்களா? பார்க்காமல் எழுதினீர்கள்.

ரைன்கரை:
ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் அமெரிக்காவில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக்கொள்கிறீர்கள். இங்கே சாதாரண காரின் கொக்கியில் 75 முதல் 100 கிலோ வரைதான் அனுமதி. அதோடு 1500 கிலோ கேரவனை இழுத்துக்கொண்டு இத்தாலிவரை போய் வருகிறோம். உங்கள் 12 சதவீதம் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

நீலவண்டி:
பாருங்கள்! 100 கிலோ என்றால் 220 பவுண்டு. ஐரோப்பா முழுவதும் இப்படித்தான் ஓட்டுகிறது. இந்த ஆதாரத்துக்கு மலைப்பாதை என்ன சொல்வார்?

மலைப்பாதை:
அங்கே டிரெய்லர் இழுக்கும் காருக்கு வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், தனி அனுமதி வாங்கினால் 100. இங்கே கலிபோர்னியாவில் டிரெய்லருக்கு 55 மைல் என்று சட்டம் இருந்தும் 70இல் பறக்கிறார்கள். அவர்கள் கேரவனின் அச்சு நடுவுக்கு நெருக்கமாக இருக்கும், கனமான பொருளை அச்சின்மேல் அடுக்குகிறார்கள். அந்த எண்ணை மட்டும் கடன்வாங்கி வந்து இங்கே ஒட்ட முடியாது.

முன்பாரம் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2019இல் கலிபோர்னியாவின் கிரேப்வைன் மலைச்சாலை இறக்கத்தில், பின் பம்பரில் நான்கு சைக்கிள், பின்பக்கத் தொட்டியில் தண்ணீர், ஜெனரேட்டரும் பின்னால். முன்பாரமே இல்லை. ஒரு லாரி கடந்துபோன காற்றில் டிரெய்லர் ஆடத் தொடங்கியது. முதல் ஆட்டம் சிறியது, மூன்றாவது ஆட்டத்தில் எஸ்யூவியின் பின்பக்கத்தையே இடதும் வலதுமாக வீசியது. பின் இருக்கையில் என் மகள். வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கின் கைப்பிடியை மட்டும் அழுத்தினேன். நின்றது. ஓரம்கட்டியபின் அரைமணி நேரம் என்னால் ஸ்டீயரிங்கை விட முடியவில்லை. அன்றிலிருந்து எடை பார்க்காமல் கிளம்பியதில்லை.

நீலவண்டி:
உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் மகிழ்ச்சி. ஆனால் அது நீங்கள் சாமானை அடுக்கத் தெரியாமல் அடுக்கியதால் வந்தது. உங்கள் தவற்றுக்கு எல்லோரையும் தண்டிக்காதீர்கள். தம்பி, இழுக்கும் அனுமதி 5000தான்.

மலைப்பாதை:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு வயது 52. அடுக்கத் தெரியாமல்தான் அடுக்கினேன், அதை மறைக்கவில்லை. மறைக்காததால்தான் 540 என்கிறேன். ஆட்டம் வராமல் இருக்க முன்பாரம் வேண்டும், அந்த முன்பாரம் வண்டியின் கணக்கைத் தின்னும். இரண்டும் ஒரே பவுண்டுகள்தான்.

கொங்குமண்:
முன்பாரம் என்ற சொல்லைக் கொடுத்தது நான். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஒருவர்கூட என் பெயரைச் சொல்லவில்லை.

பழைய_பொறியாளர்:
முன்பாரம் நல்ல சொல்தான், ஆனால் பொருத்தமில்லை. மாட்டு வண்டியில் அது பாரம் அடுக்கும் முறையைக் குறிக்கிறது. இங்கே நாம் பேசுவது அளந்து எழுதும் எடையை. ஆங்கிலத்தின் 'டங் வெயிட்' என்பதை நாக்கு எடை என்று சிலர் எழுதுவது அதைவிட மோசம், வண்டிக்கு ஏது நாக்கு? கொக்கி எடை என்பதே சரி.

கொங்குமண்:
கொக்கியின் எடை என்றால் அந்த இரும்புக் கொக்கியின் எடை என்று பொருள் வரும் ஐயா. பொறியியல் படித்தால் போதாது, தமிழும் தெரிய வேண்டும். வண்டிக்காரன் வாயிலிருந்து வந்த சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்து அதையும் தப்பாகச் செய்வதைத் தாங்க முடியவில்லை.

தஹோ_பயணி:
கேள்வி கேட்டவன் நான்தான். வெள்ளிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. டிரெய்லருக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர் 5000 என்றால் ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்றார். இப்போது என்ன செய்வது?

மலைப்பாதை:
நண்பரே, லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் எடைமேடை இருக்கிறது. குடும்பத்தோடு, சாமானோடு, டிரெய்லரோடு ஏறி நில்லுங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றுக்கும் தனித்தனியாக எண் வரும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு எஸ்யூவியை மட்டும் ஏற்றுங்கள். இரண்டு முறையும் எஸ்யூவியின் இரு அச்சுகளில் வந்த எடையைக் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் டிரெய்லர் உங்கள் வண்டிமேல் வைத்த எடை. பெற்றோரை ரயிலிலோ வேறு காரிலோ தஹோ அருகிலுள்ள ட்ரக்கி என்ற ஊர் வரை அனுப்பினால் 320 பவுண்டு குறையும். தண்ணீரை அங்கே போய் நிரப்புங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா, அதை இயக்கும் கருவி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் 3000 பவுண்டு டிரெய்லருக்கே தனி பிரேக் கட்டாயம். இறங்கும்போது சிறிய கியரில் இறங்குங்கள்.

நீலவண்டியும் தன் எடைச் சீட்டைப் படம் எடுத்து இங்கே போடட்டும். ஆறு பேரோடு 4500 பவுண்டு இழுக்கலாம் என்கிறாரே, ஒரு சீட்டுகூடவா இல்லை?

நீலவண்டி:
நான் எதற்குச் சீட்டு காட்ட வேண்டும்? பதினோரு முறை போய் வந்திருக்கிறேன், ஒரு போல்ட்கூடக் கழன்றதில்லை. பெற்றோரை ரயிலில் அனுப்பச் சொல்கிறீர்கள், எழுபது வயதுக்காரர்களை! இதுதான் உங்கள் பாதுகாப்பா? 10 சதவீதம் என்றால் 450. கையேட்டில் இருக்கிறது.

மலைப்பாதை:
சீட்டு இல்லை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். 540.

ரைன்கரை:
ட்ரக்கிக்கு ரயில் போகிறதா? அமெரிக்காவில் ரயிலே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

நீலவண்டி:
450. பனிச்சங்கிலி விவாதத்தை இன்னும் நான் மறக்கவில்லை.