நவம்பர் நடுவில் நார்ஃபோக் கரையில் ஒரு கதிர்க்குருவி: மஞ்சள்புருவமா, ஹியூமா?

வடகரைவாசி:

இடம் இங்கிலாந்தின் நார்ஃபோக் வடகரை, வெல்ஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிராமம். நவம்பர் 12, காலை 9 மணி. மூன்று நாளாகக் கிழக்குக் காற்று, முந்தைய இரவு தூறல். ஒரு வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் ஐவி படர்ந்த மரம், அதில் நீளவால் டிட் கூட்டத்தோடு ஒரு சின்னக் கதிர்க்குருவி. கோல்ட்கிரெஸ்டைவிடக் கொஞ்சம் பெரிது, சிஃப்சாஃபைவிடச் சிறிது. வெளிறிய நீளப் புருவம். இறக்கையில் இரண்டு பட்டை, கீழே உள்ளது பளிச், மேலே உள்ளது இருக்கிறதா இல்லையா என்கிற அளவில். முதுகு பச்சை என்பதைவிடச் சாம்பல்.

இரண்டே முறை கத்தியது. மஞ்சள்புருவக் கதிர்க்குருவியின் கூர்மையான குரல் இல்லை, சற்றுத் தட்டை. ஏழு ஃபோட்டோவில் ஐந்து மங்கல்.

ஹியூம் கதிர்க்குருவி என்று சொல்ல இது போதுமா? போதாது என்றால் நாளைக் காலை எதைக் குறிவைத்துப் பார்க்க வேண்டும்? நம் தமிழ்நாட்டில் தினம் பார்க்கும் பச்சைக் கதிர்க்குருவியாக இருக்க வாய்ப்பு உண்டா? யாரிடம் தெரிவிப்பது என்றும் சொல்லுங்கள்.

நாணற்காடு:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பச்சைக் கதிர்க்குருவி தமிழ்நாட்டில் குளிர்காலம் முழுக்க மரத்துக்கு மரம் கத்திக்கொண்டிருக்கும். பிரிட்டனில் அது எப்போதாவது வருவது, அதுவும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம். நவம்பர் நடுவில் அதை எதிர்பார்க்க முடியாது. அதற்கு இறக்கையில் பெரும்பாலும் ஒரே ஒரு மெல்லிய குட்டைப் பட்டைதான். உங்கள் பறவையின் கீழ்ப்பட்டை பளிச் என்றால் அது கழிந்தது. பல்லஸ் கதிர்க்குருவியாக இருந்தால் உச்சந்தலை நடுவில் ஒரு மஞ்சள் கோடும், அந்தரத்தில் நின்று பூச்சி பிடிக்கும்போது எலுமிச்சை நிறப் பிட்டமும் தெரிந்திருக்கும். நீங்கள் குறிப்பிடாததால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சம் இரண்டு. இந்த இரண்டையும் 1990களின் பிற்பகுதி வரை இங்கே ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். அவ்வளவு நெருக்கம். பார்க்க வேண்டிய வரிசை, என் கணக்கில்:

கால், அலகு. மஞ்சள்புருவத்தின் கீழலகு அடியில் வெளிறிய ஆரஞ்சு கலந்த நிறம் இருக்கும், கால் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. ஹியூமுக்கு அலகு முழுக்கக் கறுப்பாகத் தெரியும், காலும் கரும்பழுப்பு. தூரத்தில் ஒரு மைக்குச்சி போல.

டெர்ஷியல் இறகுகள், அதாவது மடித்த இறக்கையில் உடம்பை ஒட்டி இருப்பவை. மஞ்சள்புருவத்தில் அவை கறுப்பு, ஓரம் பேனாவால் வரைந்த மாதிரி வெள்ளை. ஹியூமில் சாம்பல் கலந்து சோகையாக இருக்கும். கீழ்ப்பட்டைக்குப் பின்னால் உள்ள இருட்டும் அதே மாதிரி. மஞ்சள்புருவத்தில் பட்டையை ஒட்டி ஒரு கறுப்புத் திட்டு நிற்கும், ஹியூமில் பட்டை மட்டும் மிதக்கும்.

புருவத்தின் நிறம், முதுகின் நிறம் இரண்டையும் கடைசியில் வையுங்கள்.

மேல்பட்டை மங்கல் என்பது ஹியூமுக்குச் சாதகம்தான். ஆனால் குளிரில் பறவை உப்பி உட்கார்ந்தால் தோள் இறகுகள் மேல்பட்டையை மூடிவிடும். இறக்கையை விரிக்கும்போதோ கோதும்போதோ பார்த்தால்தான் கணக்கு.

கிழக்குக்காற்று:

நாணற்காடு சொன்னதில் எனக்கு ஒரே மாறுபாடு. வரிசையில் முதலிடம் குரலுக்குத்தான், காலுக்கு இல்லை. ஐவிக்குள் நிழலில் நிற்கும் எந்தக் காலும் கறுப்புதான்.

நிறம் ஏமாற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உதிரும் தருவாயில் உள்ள மஞ்சள் சிகமோர் இலைகளுக்கு நடுவே ஹியூமை வைத்தால் மஞ்சள்புருவம் மாதிரி இருக்கும். மேகமூட்டமான நாளில் மஞ்சள்புருவத்தைக் காய்ந்த கிளையில் வைத்தால் ஹியூம் மாதிரி இருக்கும். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை இதை இன்னும் கெடுக்கும். நாளை ரா கோப்பில் எடுங்கள். பறவை போனபின் அதே கிளையில் ஒரு சாம்பல் அட்டையையோ வெள்ளைத் தாளையோ காட்டி ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு நிறத்தைச் சரிசெய்யலாம். ஷட்டர் 1/1000க்குக் கீழே போக வேண்டாம். வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் காலும் அலகும் கட்டாயம் கறுப்பாகத்தான் விழும். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளி. விரிந்த ஃபோகஸ் வைத்தால் கேமரா ஐவி இலையைத்தான் பிடிக்கும், உங்கள் ஐந்து படமும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

குரலுக்கு வருகிறேன். மஞ்சள்புருவம் ‘ட்ஸூ-ஈஈஸ்ட்’ என்று கடைசியில் மெல்லிய ஊசியாக ஏறும். ஹியூமுடையது குட்டை, கொஞ்சம் தாழ்ந்த சுருதி, ‘ட்ஷூ-விட்’ என்று இரண்டு அசையாக விழும், அந்த ஏற்றம் இருக்காது. கோல் டிட் என்ற சிறு குருவியின் குரல் மஞ்சள்புருவத்தைப் போலவே ஏமாற்றும், அதனால் கத்திய பறவை எது என்பதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள்.

ஒரு குரலை வைத்து முடிவு கட்டவே கூடாது. மஞ்சள்புருவம் எப்போதாவது ஹியூம் போலத் தட்டையாக ஒரு குரல் விடும். பத்து முறை கத்தவிட்டுக் கேட்டால் அதன் வழக்கமான ஏற்றம் எங்காவது வந்துவிடும்.

ஃபோன் போதும். பதிவை வேவ் வடிவத்தில் வையுங்கள். எம்பி3 ஆக்கினால் சுருக்கும்போது ஒலியின் நுணுக்கம் கொஞ்சம் போய்விடும். இரைச்சல் குறைப்பு வசதி இருந்தால் அணையுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி, ஃபோனை உடம்பின் மறைவில் பிடியுங்கள். வீட்டுக்கு வந்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியைப் படமாகக் காட்டும்) பார்வைக்கு மாற்றி, 2 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் தெரியும்படி வையுங்கள். மஞ்சள்புருவம் ஒரு ‘டிக்’ அடையாளம் போல வரும், சின்னதாக இறங்கி நீளமாக ஏறும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி தரும் பெயர் சாட்சி ஆகாது, ஆனால் அது சேமிக்கும் பதிவு சாட்சிதான்.

ஹியூம் குரலை ஸ்பீக்கரில் போட்டு அழைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பல நாள் பறந்து களைத்த 6 கிராம் பறவையைக் கிளையிலிருந்து இழுப்பது ஒரு பக்கம். உங்கள் பதிவில் ஓடும் குரல் பறவையுடையதா ஸ்பீக்கருடையதா என்ற சந்தேகம் பிறகு தீரவே தீராது என்பது இன்னொரு பக்கம்.

நாணற்காடு:

குரல் முதலிடம், ஒப்புக்கொள்கிறேன். தேதியும் ஹியூமுக்குச் சாதகம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள்புருவம் யூரலுக்குக் கிழக்கே சைபீரியாவில் கூடுகட்டி தென்கிழக்காசியாவுக்குப் போக வேண்டியது. இங்கே அது உச்சத்தில் இருப்பது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை. ஹியூம் அல்டாய், தியான்ஷான் முதல் மேற்கு இமயமலை வரை கூடுகட்டி இந்தியாவுக்கு இறங்க வேண்டியது. 5000 கி.மீ.க்கு மேல் தப்பான திசையில் பறந்து வருவதாலோ என்னவோ, இங்கே அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும்தான் தலைகாட்டும். பிரிட்டனின் முதல் ஹியூம் 1966 நவம்பரில், சசெக்ஸ் பீச்சி ஹெட்டில்.

ஆனால் தேதி ஒரு சாய்வு மட்டுமே. மஞ்சள்புருவங்களும் சில இங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

(ஹியூம் யார் என்று கேட்பவர்களுக்கு: 1885இல் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹியூமேதான். இந்தியாவில் பறவைத் தோல் சேகரித்தவர்களில் அவரை மிஞ்ச ஆள் குறைவு.)

வடகரைவாசி:

மதியம் திரும்பப் போனேன். 40 நிமிடம் நின்றதில் 14 குரல் பதிவாகியிருக்கிறது, வேவ். எல்லாமே குட்டை, எதிலும் அந்த நீள ஏற்றம் இல்லை. ஒரு படத்தில் பறவை வெயிலில் நிற்கிறது, காலும் கீழலகும் முழுக்கக் கறுப்பு. டெர்ஷியல் சாம்பல். மேல்பட்டை கோதும்போதும் மங்கல்தான்.

தோட்டத்துக்காரருக்கு இன்னும் எதுவும் தெரியாது. சாலையிலிருந்துதான் பார்த்தேன். செய்தியை வெளியே விடலாமா?

பதிவேடு:

அந்தப் பதினான்கும் அந்த ஒரு படமும் சேர்ந்தால் நல்ல ஆதாரம். இனி காகித வேலை.

புத்தகத்தைத் திறக்கும் முன் எழுதுங்கள். நேரம், எத்தனை நிமிடம், எத்தனை மீட்டர் தூரம், வெயில் எந்தப் பக்கம், எந்த பைனாகுலர், கூட இருந்த மற்றப் பறவைகள். பிறகு அலகிலிருந்து வால் வரை பார்த்தது மட்டும். பார்க்காததை ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். குறிப்பில் எல்லா அடையாளமும் புத்தகத்தில் உள்ளபடியே அச்சாக இருந்தால்தான் சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். மஞ்சள்புருவம் ஏன் இல்லை என்பதற்கு ஒரு பத்தி கட்டாயம். பலர் இதைத்தான் விடுகிறார்கள், ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று திரும்பி வருவதும் இதனால்தான். அந்தச் சொல்லுக்கு ‘தவறு’ என்று பொருள் இல்லை, ஆனால் பதிவேட்டில் ஏறாது.

அனுப்ப வேண்டியது நார்ஃபோக் மாவட்டப் பறவைப் பதிவாளருக்கு. தேசிய அளவில் பார்க்க வேண்டிய இனங்களை 1959 முதல் பிரிட்டிஷ் பேர்ட்ஸ் அரிய பறவைக் குழு பார்க்கிறது. ‘பத்து அரிய ஆண்கள்’ என்று கிண்டலாகச் சொல்வார்களே, அவர்கள். எந்த இனம் அவர்கள் பட்டியலில் உள்ளது என்பது அவ்வப்போது மாறும், எதற்கும் அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒலிக்கோப்பை வெட்டாமல் முழுதாக இணையுங்கள்.

மரத்தடியில் எச்சம் கிடைத்தால் கைபடாமல் சுத்தமான சிறு குப்பியில் எடுத்து வையுங்கள் என்று சொல்லலாம், டிஎன்ஏவுக்கு. கண்ணால் பிரிக்கவே முடியாத சில சைபீரிய ஸ்டோன்சாட் குருவிகள் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் உறுதியாகின. டிட் கூட்டம் முழுக்க இருந்த மரத்தில் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது என்பது வேறு விஷயம். உங்களுக்குக் குரல் இருக்கிறது, அதுவே போதும்.

செய்தி: தோட்டக்காரரிடம் பேசும் முன் வேண்டாம். 1989 பிப்ரவரியில் கென்ட்டில் ஒரு பொன்னிறகுக் கதிர்க்குருவி வந்தபோது ஒரு சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அமெரிக்கப் பறவை அது, உங்கள் ஹியூமுக்கு அவ்வளவு கூட்டம் வராது. ஆனால் குறுகிய கிராமச் சாலையில் முப்பது கார் நின்றாலே அன்றோடு அந்த ஊரின் பொறுமை தீர்ந்துவிடும். அவரிடம் கேட்க வேண்டியது மூன்று: ஆட்கள் வரலாமா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கார் எங்கே. சர்ச் அல்லது கிராம மண்டபத்து நிறுத்துமிடம் கிடைத்தால் அதைச் செய்தியிலேயே போடுங்கள், ‘சாலையிலிருந்து மட்டும் பார்க்கவும்’ என்பதையும். வாசலில் அறக்கொடைக்கு ஒரு வாளி வைப்பது இங்கே வழக்கம். அவர் மறுத்தால் செய்தி இல்லை, பதிவாளருக்கு மட்டும் சொல்லுங்கள். பிற்பாடு வெளியாகும்போது ‘மறைத்தார்கள்’ என்று நாலு பேர் திட்டுவார்கள், திட்டட்டும்.

வடகரைவாசி:

பேசிவிட்டேன். 8 முதல் 3 மணி வரை சரி என்றார், கார் மண்டபத்தில். நாளை காற்று மேற்காகத் திரும்புகிறதாம். பறவை இருக்குமா?

கிழக்குக்காற்று:

காற்றைவிட இரவு வானத்தைப் பாருங்கள். நள்ளிரவில் நட்சத்திரம் தெரிந்தால் கிளம்பியிருக்கலாம். மூடியே இருந்தால் இருக்கும். சூரியன் 7:15 வாக்கில் எழும், ஆனால் ஐவியின் கிழக்குப் பக்கத்தில் வெயில் விழுந்து பூச்சி அசைய 9 ஆகும். டிட் கூட்டத்தைத் தேடுங்கள், மரத்தை அல்ல. அது தெருவுக்குத் தெரு நகரும், உங்கள் பறவையும் அதோடு போகும்.