மறு: ரேடார் ‘இவாலுவேஷன் கிட்’ – வெள்ளோட்டத் தொகுப்பு எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சில்லு நமக்கு ஒத்துவருமா என்று வாங்குமுன் ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் பலகையும் அதோடு வரும் துணைப்பொருள்களும்தான் ‘இவாலுவேஷன் கிட்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். மதிப்பீட்டுத் தொகுதி, சோதனைப் பெட்டி, முன்னோட்டப் பலகை, பேராசிரியர் ஐயா சொன்ன ஆய்வுக் கருவித்தொகுதி. எதையும் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு வேண்டுகோள். பொருளை மேசையில் எடுத்து வைத்து, அதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு அப்புறம் பெயர் வைப்போம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல் அதன் அட்டையிலேயே வரவேண்டியது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையேட்டுக்கு எடுத்துக்கொண்டது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஐடபிள்யூஆர்6843 என்ற சில்லு (சிப்) பொருத்திய பலகை. 60 முதல் 64 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் ரேடார் அது. அலையை அனுப்ப மூன்று வழி, வாங்க நான்கு வழி. ஆன்டெனா என்று தனியாகக் கம்பி எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. பலகையின் மேல்பரப்பிலேயே சிறுசிறு செப்புப் பட்டைகளாக அமைந்திருக்கும். பார்த்தால் ரேடார் என்றே யாரும் நம்பமாட்டார்கள். சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடாரைப் புயல் நேரத்துச் செய்திகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு, உள்ளங்கையில் அடங்கும் இதுவும் அதே குடும்பம் என்று சொன்னால் வியப்பாக இருக்கும்.

யூஎஸ்பி கேபிளைச் செருகினால் கணினியில் இரண்டு சீரியல் போர்ட்டுகள் தோன்றும். பெயரில் ‘என்ஹான்ஸ்டு’ என்று வருவது நாம் கட்டளை அனுப்ப, 115200 பாட் வேகம். ‘ஸ்டாண்டர்டு’ என்று வருவது பலகை தரவு அனுப்ப, 921600 பாட். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் திரையில் ஒன்றும் வராது, பிழைச்செய்தி கூட வராது. முதல் வேலை நிலைபொருளை (ஃபெர்ம்வேர், சில்லுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) ஏற்றுவது. பலகையில் உள்ள குட்டிச் சுவிட்சுகளை எழுது நிலைக்குத் தள்ளி, யூனிஃப்ளாஷ் மென்பொருள் வழியாக ஏற்றி, திரும்பவும் இயங்கு நிலைக்குத் தள்ளி, ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசிப் படியை மறப்பவர்கள்தான் அதிகம். அதன்பிறகு ஓர் அமைவுக் கோப்பை அனுப்புகிறோம். சாதாரண உரைக்கோப்புதான், வரிக்கு ஒரு கட்டளை. ‘சென்சர்ஸ்டாப்’ என்று தொடங்கி, அலை எப்படி இருக்க வேண்டும், நொடிக்கு எத்தனை சட்டகம் (ஃப்ரேம்) வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ‘சென்சர்ஸ்டார்ட்’ என்று முடியும். அந்தக் கடைசி வரி போனதும் திரையில் புள்ளிகள் வரத் தொடங்கும்.

இனி அந்த மாணவர் என்ன செய்கிறார்? எதிரே சுவரை வைத்துத் தொலைவு சரியாக வருகிறதா என்று பார்க்கிறார். ஒரு நண்பரை நடக்கச் சொல்கிறார். அப்புறம் அசையாமல் உட்காரச் சொல்கிறார். 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீட்டர். மார்பு ஒரு மில்லிமீட்டர் முன்னால் வந்தாலே திரும்பிவரும் அலையின் கட்டம் (ஃபேஸ்) 144 பாகை மாறிவிடும். அதனால் உட்கார்ந்திருப்பவரின் மூச்சு அலைபோல் ஏறி இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். முதல்முறை பார்க்கிற யாரும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். இத்தனையும் எதற்காக? தண்ணீர்த் தொட்டியின் மட்டம் அளக்கவோ, அறையில் ஆள் இருக்கிறாரா என்று அறியவோ இந்தச் சில்லு நமக்கு ஒத்துவருமா என்று முடிவெடுக்க. ஒத்துவரும் என்று தெரிந்தபின் தனக்கென்று ஒரு பலகையை வடிவமைப்பார். இந்தப் பலகை அலமாரிக்குப் போய்விடும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘மதிப்பீட்டுத் தொகுதி’ அரசு ஆவணத் தமிழில் ஏற்கெனவே பழகிய நடை. வேறு கருவிக்கானால் நானும் மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ரேடார் செய்யும் வேலையே மதிப்பிடுவதுதான். தொலைவை மதிப்பிடுகிறது, வேகத்தை மதிப்பிடுகிறது, வரும் கோணத்தை மதிப்பிடுகிறது. ‘ரேடார் மதிப்பீட்டுத் தொகுதி’ என்றால் ரேடார் மதிப்பிடுகிறதா, ரேடாரை நாம் மதிப்பிடுகிறோமா? கையேட்டின் மூன்றாம் பாடத்தில் ‘தொலைவு மதிப்பீடு’ என்று தலைப்பு வரும்போது மாணவர் கட்டாயம் குழம்புவார்.

‘சோதனை’ தன் தோளில் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. ஆய்வகத்தில் செய்வதும் சோதனை, வருமான வரித்துறை வந்தாலும் சோதனை, வாழ்க்கையில் துன்பம் வந்தாலும் சோதனை. போதாததற்கு, கொரோனா காலத்திலிருந்து ‘பரிசோதனை கிட்’ என்றால் மூக்கில் குச்சி விடுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தக் கிட் வேறொன்றைச் சோதிக்கிறது. நம்முடையது தன்னையே சோதித்துப் பார்க்கக் கொடுக்கிறது. திசையே நேர் எதிர்.

‘முன்னோட்டம்’ திரைப்படத்துக்கும் மென்பொருளுக்கும் போய்விட்டது. இனி மீட்க முடியாது. ‘ஆய்வு’ பற்றிப் பேராசிரியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இங்கே புதிய அறிவு எதையும் தேடவில்லை ஐயா. வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

என் பரிந்துரை வெள்ளோட்டம். புதுத்தேர் செய்தாலும், பழைய தேரைப் புதுப்பித்தாலும், சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன் ஒருநாள் தேரை மட்டும் வீதியில் இழுத்துப் பார்க்கிறோமே, அது. சக்கரம் சரியாக உருள்கிறதா, திருப்பத்தில் திரும்புகிறதா, முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்று பார்க்கிற ஓட்டம். நம் பலகையும் அப்படியே. சில்லு முழுமையான சில்லுதான், குறைப்பதிப்பு அல்ல. அது கடைசியில் சுமக்கப்போகிற பொருள் மட்டும் இன்னும் மேலே ஏறவில்லை. சில்லைத் தனியாக ஓட்டிப் பார்க்கிறோம். யார் ஓட்டுகிறார், எது ஓடுகிறது என்பதிலும் குழப்பம் இல்லை.

‘வெள்ளோட்டம் என்றால் ஒரே ஒருமுறைதானே, கிட்டை மாதக்கணக்கில் வைத்திருப்பார்களே’ என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது எண்ணிக்கை இல்லை. உண்மையான பயன்பாட்டுக்கு முந்தியது என்பதுதான். ஒருமுறை இழுத்துச் சரிவராவிட்டால் தேரைச் சரிசெய்து மறுபடியும் இழுக்கத்தானே செய்வார்கள்?

கிட் என்பதற்கு ‘தொகுதி’ என்று எழுதினால் தமிழ்நாட்டில் பாதிப்பேருக்குச் சட்டமன்றம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து நண்பர் ‘பொதி’ என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. உலர் உணவுப் பொதி என்று அங்கே நாள்தோறும் புழங்கும் நல்ல சொல். ஆனால் மென்பொருள் பக்கத்தில் பொதி என்பதை ‘பேக்கேஜ்’ என்பதற்கு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இந்தக் கிட்டோடு அந்தப் பொதிகளும் வருகின்றன. ஆகவே ‘தொகுப்பு’. பொங்கல் பரிசுத் தொகுப்பு என்றால் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு என்று பல பொருள் சேர்ந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். பலகையை மட்டும் குறித்தால் வெள்ளோட்டப் பலகை. கேபிள், மென்பொருள், ஆவணங்கள் எல்லாம் சேர்ந்தால் வெள்ளோட்டத் தொகுப்பு. டெவலப்மென்ட் கிட் என்று விற்பதை உருவாக்கத் தொகுப்பு என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலக்க வேண்டாம்.

அடுத்தது ‘சிர்ப்’. இதைத் தள்ளிப்போட முடியாது, அமைவுக் கோப்பிலேயே அதற்கான வரிகள் உண்டு. அதிர்வெண் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும் ஒரு சிறு அலைத்துண்டு. ‘ஏறலை’ என்று ஒரு பரிந்துரை வந்தது. இறங்கும் சிர்ப்பும் உண்டே, அப்போது ‘இறங்கும் ஏறலை’ என்றா எழுதுவது? ‘கீச்சு’ ட்விட்டர் காலத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த வேரை விட எனக்கு மனமில்லை. இதே வடிவத்தைக் காது கேட்கும் அதிர்வெண்ணுக்கு இறக்கி ஒலிபெருக்கியில் கேட்டால் அசல் குருவிச் சத்தம்தான். திருப்பாவையில் ஆனைச்சாத்தன் கீசுகீசென்று பேசுகிற காலத்திலிருந்தே நம் காதில் இருக்கும் ஒலி. அலையைச் சேர்த்துக் ‘கீச்சலை’ என்றால் ட்விட்டரோடு மோதாது. ஏறு கீச்சலை, இறங்கு கீச்சலை என்று இரண்டு பக்கமும் நீளும். இந்தச் சொல் ரேடாரோடு நிற்கப்போவதும் இல்லை. லோரா கம்பியில்லாத் தொடர்பிலும் இதே அலைதான். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகம் பதிவுசெய்த ஈர்ப்பலையும் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை விறுவிறுவென்று ஏறிய கீச்சலையே. இயற்பியல் ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, கையேட்டின் வரைவிலிருந்து ஒரு பத்தி:

“வெள்ளோட்டப் பலகையைச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, ஆன்டெனாப் பக்கம் சுவரைப் பார்க்குமாறு நிறுத்தவும். கீச்சலையின் நீளத்தை 40 மைக்ரோநொடி என்றும், ஏற்றத்தை மைக்ரோநொடிக்கு 100 மெகாஹெர்ட்ஸ் என்றும் அமைக்கவும். அலை சுவரில் பட்டுத் திரும்ப 20 நானோநொடி ஆகும். அதற்குள் நாம் அனுப்பும் அதிர்வெண் 2 மெகாஹெர்ட்ஸ் ஏறியிருக்கும். போனதையும் வந்ததையும் கலந்தால் கிடைப்பது அந்த 2 மெகாஹெர்ட்ஸ். பலகையைச் சுவரிலிருந்து 6 மீட்டருக்குத் தள்ளினால் 4 மெகாஹெர்ட்ஸ் ஆகும். இந்தக் கீச்சலை மொத்தம் 4 கிகாஹெர்ட்ஸ் ஏறுகிறது, ஆகவே 3.75 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு பொருள்களைக்கூடப் பிரித்தறியலாம். மொத்த ஏற்றத்தை 1 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் அந்த இடைவெளி 15 சென்டிமீட்டராகிவிடும்.”

என் மனைவி கணக்காசிரியர். ரேடார் பக்கம் வந்ததே இல்லை. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, ‘கலந்தால் என்றால் கூட்டுவதா, பெருக்குவதா?’ என்பதுதான். பெருக்குவதுதான், அதைக் கையேட்டில் சேர்த்துவிட்டேன். வெள்ளோட்டம், கீச்சலை இரண்டிலும் அவர் தடுக்கவில்லை.

ரேடாரை ரேடார் என்றே விட்டுவிட்டேன். கதுவீ என்று எழுதும் நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாணவர் கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளின் பெயர் அட்டையில் தெரிய வேண்டும். சென்சருக்கு உணரி, பாயின்ட் கிளவுடுக்குப் புள்ளித்திரள். இவற்றில் யாருக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு இன்னும் சரியாக அமையாதது ‘கிளட்டர்’. இரைச்சல் என்று எழுதக் கூடாது, இரைச்சல் மின்சுற்றுக்குள்ளேயே பிறப்பது. இது நிஜமான பொருள்களிலிருந்து நிஜமாகவே திரும்பிவரும் அலை: சுவர், பீரோ, நாற்காலி. நமக்கு வேண்டாதது, அவ்வளவுதான். ‘களை’ என்று வைத்துப் பார்த்தேன். களையும் உயிருள்ள செடிதான், நாம் விதைக்காதது மட்டும். கோப்பில் அதை நீக்கச் சொல்லும் கட்டளைக்குக் களைநீக்கம் என்று இயல்பாக வருகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டளை அசையாத எல்லாவற்றையும் எடுத்துவிடும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளும் அதோடு போய்விடலாம். மேலே சுற்றும் மின்விசிறியோ அசைவதால் தப்பித்து, புள்ளித்திரளில் ஆள்போல் நிற்கும். அப்படியானால் அசையும் களை, அசையாக் களை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டுமா, அல்லது களை என்பதை அசையாததற்கு மட்டும் வைத்து விசிறிக்கு வேறு சொல் தேடுவதா? வயல் தெரிந்தவர்களும் ரேடார் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

அன்புடன்.